குளத்தங்கரை அயலார்



தென்பாண்டி நாட்டில் கூந்தன்குளம் என்று ஓர் ஊர் உண்டு. திருநெல்வேலியிலிருந்து 40 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், நாங்குநேரி வட்டத்தில் அது இருக்கிறது. அங்கே மலையும் இல்லை, அடர்ந்த காடும் இல்லை. வயலும், பனையும், கருவேலும், ஊரை ஒட்டி ஒரு பெரிய பாசனக் குளமும்தாம் உள்ளன. ஆயினும் குளத்தில் நீர் நிறைந்த ஆண்டில், தை பிறந்தபின் அவ்வூருக்குச் செல்லும் ஒருவர், தெருவில் கால் வைத்தவுடன் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவார். வீட்டுக் கொல்லைகளில் நிற்கும் வேம்பிலும் புளியிலும், மூன்றடி உயரமுள்ள நாரைகள் கூடு கட்டிக் குடியிருக்கும். கீழே திண்ணையில் ஒரு மூதாட்டி அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். மேலே கிளையில் தாய்ப் பறவை தன் குஞ்சுகளுக்கு மீனைக் கக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கும். அவர் பறவையைக் கண்டு வியப்பதில்லை. பறவை அவரைக் கண்டு அஞ்சுவதில்லை. நெடுநாள் அயலார் இருவர் வாழும் முறையில் அவர்கள் வாழ்கிறார்கள்.

இந்த அயலாரைப் பற்றியும், இவர்களைக் கவனித்து அறிவது எப்படி என்பதைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. காட்டிலே மனிதன் கண்படாத இடம் தேடிப் போகவேண்டிய பறவை, ஊருக்குள் ஏன் வருகிறது? காரணம் மிக எளிது. கூடு கட்டும் பறவைக்கு இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று, குஞ்சுகளுக்கு இடைவிடாமல் உணவு. மற்றொன்று, பகைவரிடமிருந்து காவல். உணவைக் குளம் தருகிறது. காவலுக்காக, நீர் சூழ்ந்த மரங்களையே இப்பறவைகள் பெரும்பாலும் நாடும்; பூனையும் நரியும் நீந்திச் சென்று மரமேறுவது அரிது. கூந்தன்குளத்தில் அந்தக் காவலின் ஒரு பகுதியை ஊர் மக்களே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். மனிதர் நடமாட்டம் உள்ள இடத்தில் குஞ்சைத் திருட வரும் விலங்குகள் துணிந்து வருவதில்லை. மனிதனே கல்லெறியாதவனாக இருந்தால், அவன் வீட்டு மரத்தைவிடப் பாதுகாப்பான இடம் பறவைக்கு வேறில்லை. தலைமுறை தலைமுறையாக இங்கே கல் விழவில்லை. அதனால்தான் நாரை கொல்லைக்கு வந்தது.

அவ்வூர் மக்கள் இதற்காகச் சில வழக்கங்களைக் கைக்கொண்டுள்ளனர். பறவைகள் மிரளும் என்பதால் வெடி வெடிப்பதைத் தவிர்க்கின்றனர். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பதும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடியை அடுத்த கொள்ளுகுடிப்பட்டியிலும் தீபாவளியன்று வெடிச்சத்தம் கேட்பதில்லை. இவை பெரிய தியாகங்கள் அல்ல என்று நீங்கள் நினைக்கலாம். பத்து வயதுச் சிறுவனுக்குத் தீபாவளி வெடி எவ்வளவு பெரிய பொருள் என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சிறுவன் தன் வெடியை ஒரு நாரைக்காக விட்டுக்கொடுக்கிறான். அவனுக்கு முன்னே அவன் தந்தையும் விட்டுக்கொடுத்தார்.

இதற்குக் கைம்மாறு இல்லாமல் இல்லை. பறவைகளின் எச்சம் நீரில் விழுகிறது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுதி. அந்நீர் மடை வழியே வயலுக்குப் பாய்கிறது. கோடையில் குளம் வற்றியபின் அதன் வண்டலை அள்ளி வயலுக்கு இடுவதும் உண்டு. குளத்து மீனையெல்லாம் பறவை தின்றுவிடாதா என்று சிலர் கேட்பர். தின்னத்தான் செய்கிறது. ஆனால் அதே எச்சத்தால் நீரில் பாசி தழைக்கிறது. பாசியை உண்டு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு மீன்குஞ்சுகள் கொழுக்கின்றன. குளத்திலிருந்து வாங்கியதில் ஒரு பகுதியைப் பறவை குளத்துக்கே திருப்பிச் செலுத்துகிறது. கொடுக்கல் வாங்கல் நேராக நடக்கும் இடத்தில் உறவு நீடிக்கும் என்பது நம் வீடுகளிலும் கண்ட உண்மைதானே.

அடுத்து, காலத்தைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையும், மணிமுத்தாற்றுக் கால்வாய் நீரும் குளத்தை நிரப்பிய பின்னரே பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. இதில் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. நீர் பரந்து நிற்கும்போது மீனும் தவளையும் இனம் பெருக்குகின்றன. முட்டை பொரிந்து, குஞ்சுகளின் பசி பெரும்பசியாகும் காலத்தில், நீர் மெல்ல வற்றத் தொடங்குகிறது. பரந்த நீரில் சிதறிக் கிடந்த மீன்கள் இப்பொழுது சிறு சிறு குட்டைகளில் நெருங்கிவிடும். தாய்ப் பறவைக்கு மீன் பிடிப்பது எளிதாகும். பஞ்சாங்கம் பார்க்காத பறவை, குளம் நிரம்புவதைக் கொண்டே காலத்தைக் கணிக்கிறது. ஆதலின் மழை பொய்த்த ஆண்டில் அது கூடு கட்டுவதில்லை; வேறு நீர்நிலை தேடிச் சென்றுவிடும்.

இனி அக்குளக்கரையில் சற்று நின்று, அங்கே நடக்கும் தொழில்களைக் காண்போம். ஒரே குளத்தில் இத்தனை பறவைகள் எப்படிச் சண்டையின்றிப் பிழைக்கின்றன? அவற்றின் அலகுகளைப் பாருங்கள், விடை கிடைக்கும். ஒரு பட்டறையில் தச்சன் உளி வேறு, கொல்லன் சுத்தி வேறு, தட்டான் குறடு வேறு. அவ்வாறே இங்கு ஒவ்வொருவர் கையிலும் வெவ்வேறு கருவி இருக்கிறது.

மஞ்சள்மூக்கு நாரை தன் நீண்ட அலகைச் சற்றே திறந்து நீருக்குள் விட்டு, மெல்ல நடந்துகொண்டே துழாவும். கலங்கிய நீரில் கண் பயன்படாது. அலகில் மீன் பட்டவுடன் அது இமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும். நத்தைக்குத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பற்றி, அதன் மூடியை நீக்கி, உள்ளிருக்கும் சதையை எடுப்பதற்கென்றே அமைந்த கருவி அது. கரண்டிவாயனின் அலகு நுனி தட்டையாக அகப்பையைப் போலிருக்கும். அதை இடமும் வலமும் வீசி நீரை அரித்துக்கொண்டே செல்லும். கூழைக்கடாவின் கீழ் அலகில் ஒரு பெரிய தோல் பை தொங்கும். அது நீரோடு மீனை வாரி எடுத்து, நீரை வடித்துவிட்டு மீனை விழுங்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் முக்குளித்து நீரடியில் மீனைத் துரத்தும். பாம்புத்தாரா தன் கூரிய அலகை ஈட்டியாகக் கொண்டு மீனைக் குத்தும். சாம்பல் நாரையோ ஓரிடத்தில் அசையாமல் நின்று, மீன் தன்னைத் தேடி வரும்வரை காத்திருக்கும்.

மேட்டு நீரில் ஒருவர், ஆழத்தில் ஒருவர், சேற்றில் ஒருவர். பகலில் ஒருவர், அந்தி சாய்ந்தபின் வக்கா என்னும் இராக்கொக்கு. இப்படி இடத்தாலும் காலத்தாலும் கருவியாலும் குளம் பங்கிடப்பட்டிருக்கிறது. விலங்கியல் நூலில் நீங்கள் படிக்கும் உயிரினத் தகவமைப்பு என்னும் பாடம், இங்கே எழுத்தில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது.

பாம்புத்தாரா கரையேறியதும் கிளையில் அமர்ந்து இரு சிறகுகளையும் விரித்து உலர்த்தும். வாத்தைப் போல அதன் இறகு நீரை முற்றும் தள்ளுவதில்லை, நனைந்துவிடும். இது குறை என்று தோன்றும். நனைந்த இறகே அது எளிதாக மூழ்கத் துணை செய்கிறது என்பதை அறிந்தால், குறையென நாம் எண்ணியது அதன் தொழிலுக்கு உற்ற துணை என விளங்கும்.

மஞ்சள்மூக்கு நாரையின் கூட்டைத் தொலைவிலிருந்து நண்பகலில் பார்த்தால் மற்றொரு காட்சி கிடைக்கும். வெயில் ஏறியதும் தாயோ தந்தையோ சிறகை விரித்துக் குஞ்சுகளுக்குக் குடை பிடித்து நிற்கும். அப்பறவைகள் தம் கால்களின் மீதே எச்சமிட்டுக்கொள்வதையும் காணலாம். முதலில் அருவருப்பாக இருக்கும். அந்த ஈரம் உலரும்போது கால்களில் ஓடும் இரத்தம் குளிர்கிறது என்பது அதன் உட்பொருள். மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே விதியால்தான்.

இங்கேயே கூடு கட்டும் உள்ளூர்க் குடிகளைத் தவிர, குளிர்காலத்தில் வந்து செல்லும் விருந்தினரும் இருக்கின்றனர். அவர்களுள் வரித்தலை வாத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். வெண்மையான தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் இருக்கும். அதுவே அதன் அடையாளம். திபெத்து, மங்கோலியா முதலிய நாடுகளின் ஏரிகளில் அது இனம் பெருக்குகிறது. குளிர் தொடங்கியதும் இமயத்தைக் கடந்து தெற்கே வருகிறது. சிறு கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தபோது, 7,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும் அது பறந்தது பதிவாயிற்று. அவ்வளவு உயரத்தில் மனிதன் நடப்பதற்கே மூச்சு வாங்கும். இப்பறவையின் இரத்தச் சிவப்பணு, மெலிந்த காற்றிலிருந்தும் பிராணவாயுவை நன்கு பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இமயம் தாண்டிய ஒரு பறவை நாங்குநேரி வட்டத்தில் ஒரு குளக்கரையில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது என்றால், உலக வரைபடம் நம் ஊர் வாய்க்கால் வரப்பில் வந்து முடிகிறது என்று பொருள்.

நம் முன்னோர் இதைக் கவனியாமல் இருந்தனர் என்று எண்ண வேண்டா. சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விட்ட பாடலை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்நாரையின் அலகுக்கு அவர் பிளந்த பனங்கிழங்கை உவமையாகக் கூறினார். தெற்கே குமரி வரை வந்து வடக்கே திரும்பும் பறவை என்பதையும் அறிந்து பாடினார். வறுமையில் வாடிய ஒரு புலவருக்கு நாரையின் அலகை உற்று நோக்கப் பொழுதிருந்தது. பனங்கிழங்கையும் அலகையும் நன்றாகப் பார்க்காதவனுக்கு அந்த உவமை தோன்றியிருக்குமா?

நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஒருவரையும் சொல்கிறேன். திருநெல்வேலியில் 1912ஆம் ஆண்டு பிறந்தவர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950ஆம் ஆண்டு முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தார். யானையையும் புலியையும் எழுதிய அவர், காக்கையையும் அணிலையும் அதே அக்கறையோடு எழுதினார். நோக்கும் கண் இருந்தால் கொல்லைப்புறமே போதும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலியோ, சிறுவனாக இருந்தபோது தான் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் புள்ளியைக் கண்டு, அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றார். அந்த ஒரு கேள்வியே அவரை வாழ்நாள் முழுவதும் பறவைகளின் பின்னே அழைத்துச் சென்றது.

நான் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றியவன். கண்டதைத் தன் சொல்லில் எழுதப் பழகிய மாணவன் எப்பாடத்திலும் பின்தங்குவதில்லை என்பது என் அனுபவம். ஆதலால் நீங்கள் மேற்கொள்ளத்தக்க முறை ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். தொலைநோக்கி இருந்தால் நன்று, இல்லையென்றால் குறையில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்னோ, மாலையிலோ குளக்கரைக்குச் செல்லுங்கள். வாரம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் செல்வது முக்கியம். முதலில் நாள், நேரம், வானிலை, குளத்து நீர்மட்டம் ஆகியவற்றை எழுதுங்கள். பறவையைக் கண்டால் பெயரைத் தேடி அவசரப்படாதீர்கள். அதன் அளவு காக்கையைவிடப் பெரிதா சிறிதா, அலகின் வடிவம் என்ன, காலின் நிறம் என்ன, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். கோணலாக இருந்தாலும் ஒரு படம் வரையுங்கள். வரையத் தொடங்கியபின்தான் பார்க்காமல் விட்டவை தெரியவரும். பிறகு ஊரில் முதியவர் ஒருவரிடம், “தாத்தா, இதற்கு நம்மூரில் என்ன பெயர்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் வழங்கும் இப்பெயர்கள் பல, ஏட்டில் ஏறாமலே மறைந்து வருகின்றன.

எண்ணும் முறை ஒன்றும் உண்டு. பெரும் கூட்டமாயின், முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்தும் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அளவைக் கொண்டு முழுக் கூட்டத்தையும் பத்துப் பத்தாக அளந்து செல்லுங்கள். இருமுறை எண்ணிச் சராசரி காணுங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்பது 1987 முதல் ஆண்டுதோறும் சனவரி மாதத்தில் நடைபெற்று வருகிறது. அதில் கலந்துகொள்வோரிற் பலர் உங்களைப் போன்ற ஆர்வலரே.

ஒன்றை மறவாதீர்கள். கூட்டின் அருகே செல்லக்கூடாது. மனிதன் நெருங்கினால் தாய் எழுந்து பறந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் காக்கை வந்து முட்டையைக் கொத்திவிடும், அல்லது வெயிலில் குஞ்சு துவண்டுவிடும். பறவை தலையை நிமிர்த்தி நம்மை நோக்குமானால், நாம் அளவு மீறிவிட்டோம் என்று அறிந்து பின்வாங்க வேண்டும்.

பறவை வராத நாளையும் எழுதுங்கள். “இன்று ஒன்றும் இல்லை” என்பதும் ஒரு செய்தியே. இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனிதனுக்கு மறதி மிகுதி. ஆயிரம் பறவை கண்டவரின் மகன் ஐந்நூறு காண்கிறான். அதுவே இயல்பு என்று கொள்கிறான். அவன் மகன் ஐம்பதைக் கண்டு மகிழ்கிறான். குறைந்தது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் ஒன்றே அந்தக் குறைவை எடுத்துக் காட்டும் சாட்சி.

எழுத்தின் வலிமைக்கு வேடந்தாங்கலைச் சான்றாகக் கூறலாம். செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள அவ்வூரின் மக்கள், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளைச் சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது வாளாவிருக்கவில்லை. அந்நாளில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவைகளை எவரும் துன்புறுத்தலாகாது என்னும் உரிமைச் சாசனம் பெற்றனர். பின்னர் 1858இல் அவ்வுரிமையைப் புதுப்பித்துக்கொண்டனர். 1936இல் அவ்வேரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. வேடனுடைய தாங்கல் என்று பெயர் பெற்ற ஊர், வேட்டையை விலக்கியதால் புகழ் பெற்றது. உழவர்கள் கேட்டு வாங்கிய ஒரு காகிதம் இத்தனை தலைமுறைக்குப் பயன்பட்டது.

கூந்தன்குளம் 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டன. இவை மகிழத்தக்க செய்திகள். எனினும் பட்டியலால் மட்டும் குளம் நிரம்பாது. நீர் வரும் கால்வாய் தூர்ந்தால் குளம் வறளும். கரையிலே வீசும் நெகிழிப் பை நீருக்குள் சேரும். சீமைக் கருவேல் பரவினால் குளத்தின் கொள்ளளவு குறையும். பார்வையாளர் ஒலிபெருக்கியோடு வந்தால் பறவை மிரளும். இவற்றுக்கெல்லாம் மேலாக வேறோர் ஐயம் என் உள்ளத்தில் உண்டு. வெடியை விட்டுக்கொடுத்த சிறுவன் வளர்ந்து, வேலை தேடிப் பட்டணம் செல்கிறான். அவனுடைய பிள்ளைகளுக்கு நாரை யாரோ, அவர்கள் நாரைக்கு யாரோ. ஊருக்கும் பறவைக்கும் உள்ள உடன்படிக்கை ஏட்டில் எழுதியது அன்று. அடுத்த தலைமுறை கையெழுத்திட்டால்தான் அது செல்லும். அதற்குரிய மை, பறவையை அறிந்த அறிவுதான். அறியாத அயலாருக்காக எவரும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் குளங்களும் உள்ளன. உங்களுள் பெரும்பாலோர் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஏதேனும் ஒரு நீர்நிலை இருக்கும். அது புகழ்பெற்ற சரணாலயமாக இருக்கவேண்டியதில்லை. இரண்டு கொக்கும், ஒரு மீன்கொத்தியும், நாலு முக்குளிப்பானும் இருந்தால் தொடங்குவதற்குப் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே செல்லுங்கள். முதல் பக்கத்தில் ஊரின் பெயரையும் குளத்தின் பெயரையும் எழுதுங்கள். ஓராண்டு விடாமல் எழுதினால், அந்தக் குளத்தைப் பற்றி வேறு எவரும் அறியாத செய்திகள் உங்கள் கையில் இருக்கும். பள்ளிக்கூடம் முடிந்து நீங்கள் வெளியூர் செல்ல நேரும்போது, அந்த நோட்டுப் புத்தகத்தைத் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்லுங்கள்.